பிரெஞ்சு இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்: பாசே சேம்ப்ல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பிரெஞ்சு கற்பவர்களில் பெரும்பாலோர் நிகழ்கால சப்ஜங்க்டிவோடு (விருப்பம், அச்சம், ஐயம் போன்றவற்றுக்குப் பிறகு வரும் வினை வடிவம்) நின்றுவிடுகிறார்கள். பேசுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் டெல்ஃப் பி2 தேர்வு வரைக்கும் அது போதும். ஆனால் 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றையோ பழைய வரலாற்று நூல் ஒன்றையோ கையில் எடுத்தால், வகுப்பில் யாரும் சொல்லித் தராத வினை வடிவங்கள் வந்து நிற்கும். ஏம்பார்ஃபே துய் சுய்ப்ழோன்க்தீஃப் என்று பிரெஞ்சு இலக்கணம் சொல்லும் இறந்தகால சப்ஜங்க்டிவ் வடிவங்கள் அவை. பார்க்கப் பயமுறுத்தினாலும் பிரெஞ்சு வினைகளில் இத்தனை ஒழுங்கான வடிவம் வேறு அதிகமில்லை. விகுதிகள் ஆறு, எல்லா வினைகளுக்கும் அதே ஆறுதான். சிக்கலெல்லாம் அடிச்சொல்லைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அந்த அடிச்சொல்லை பாசே சேம்ப்ல் என்ற எழுத்துவழக்கு இறந்தகாலம் கொடுத்துவிடும்.

வாசிக்கும் முன்

இங்கே பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். உதட்டைக் குவித்து 'இ' சொன்னால் வரும் பிரெஞ்சு ஒலியை 'உய்' என்று குறிக்கிறோம். புதுச்சேரியை ஆண்ட கவர்னரின் பெயரைத் துய்ப்ளேக்ஸ் என்று எழுதும் அதே முறை. ழாக், ழான் என்ற பெயர்களில் வரும் ஒலிக்கு 'ழ'. மூக்கொலி உயிர்களுக்குக் கடைசியில் 'ன்' சேர்த்திருக்கிறோம். அந்த 'ன்'னை அழுத்திச் சொல்ல வேண்டாம்.

பிரெஞ்சு எழுத்துகளை நாம் பள்ளியில் சொல்லும் பெயர்களாலேயே (ஏ, ஈ, ஐ, யூ, எஸ், டி) சுட்டுகிறோம். டி என்றால் T. உயிரெழுத்தின் தலையில் கூரை போல வரும் சீர்கொன்ஃப்ளெக்ஸ் குறியை 'தொப்பி' என்போம். ஒரு நோட்டை எடுத்துவைத்து, படிக்கப் படிக்க ஒவ்வொரு வடிவத்தையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். இந்தப் பாடத்தில் காதைவிடக் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை அதிகம்.

படி 1: பாசே சேம்ப்லின் முன்னிலை ஒருமையை எடுங்கள்

எந்த வினையானாலும் முதலில் அதன் பாசே சேம்ப்லில் 'துய்', அதாவது 'நீ' என்ற இடத்துக்கான வடிவத்தை எடுக்க வேண்டும். 'துய்' வடிவத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'ழெ' (நான்) வடிவம் பார்லே போன்ற வினைகளில் ஏ-ஐ என்று முடிந்து குழப்பும். 'இல்' (அவன்) வடிவத்தில் சில வினைகளுக்கு டி வரும், சிலவற்றுக்கு வராது. 'துய்' வடிவமோ எப்போதும் எஸ்ஸில் முடியும்; எஸ்ஸுக்கு முன்னால் நமக்கு வேண்டிய உயிர் அப்படியே நிற்கும். அந்த உயிரை வைத்து வினைகள் நான்கு கூட்டமாகப் பிரிகின்றன.

ஏ கூட்டம்: ஈ-ஆர் என்று முடியும் எல்லா வினைகளும். பார்லே (பேசு) என்றால் துய் பார்லா. அலே (போ) மற்ற காலங்களில் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் இங்கே சாது: துய் அலா. இந்தக் கூட்டத்தில் விதிவிலக்கே இல்லை.

ஐ கூட்டம்: ஃபினீர் (முடி) போன்ற ஒழுங்கான ஐ-ஆர் வினைகள், பார்தீர் (புறப்படு), தோர்மீர் (தூங்கு), வான்த்ர் (விற்பனை செய்) போன்ற பெரும்பாலான ஆர்-ஈ வினைகள். இவற்றோடு ஃபேர் (செய்), தீர் (சொல்), மெத்ர் (வை), ப்ரான்த்ர் (எடு), வ்வார் (பார்) ஆகியவையும். துய் ஃபினி, துய் வான்தி, துய் ஃபி, துய் மி, துய் ப்ரி, துய் வி.

யூ கூட்டம்: ஓ-ஐ-ஆர் என்று முடியும் பெரும்பாலான வினைகள். வூல்வார் (விரும்பு) துய் வூலுய். சவ்வார் (அறி) துய் சுய். பூவ்வார் (இயலு) துய் புய். இவற்றோடு லீர் (வாசி), க்ர்வார் (நம்பு), வீவ்ர் (வாழ்), கூரீர் (ஓடு), மூரீர் (இற) ஆகியவையும் சேரும். எத்ர் (இரு), அவ்வார் (உடைமையாகக் கொள்) என்ற இரண்டு தலையாய வினைகளும் இங்கேதான்: துய் ஃபுய், துய் உய். இந்த இரண்டாவது 'உய்' எழுத்தில் ஈ-யூ-எஸ் என்று வரும். ஈ சும்மா நிற்கும், ஒலிக்காது.

ஐ-என் கூட்டம்: வெனீர் (வா), தெனீர் (பிடி), இவற்றிலிருந்து பிறந்த ர்வெனீர், தெவெனீர், ஒப்தெனீர் போன்றவை. துய் வேன், துய் தேன். வேறெதுவும் இல்லை.

எந்த வினை எந்தக் கூட்டம் என்று எப்படி நினைவில் வைப்பது? பாஸ்ட் பார்ட்டிசிப்பிளை (செயல் முடிந்ததைக் காட்டும் எச்ச வடிவம்) பார்த்து ஊகிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பல இடங்களில் அது சரியாக வரும்: மி, ப்ரி, வூலுய், சுய், லுய் எல்லாம் இரண்டிலும் ஒரே ஒலி. ஆனால் இதையே நம்பினால் மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. வான்த்ர் வினையின் பார்ட்டிசிப்பிள் வான்துய்; பாசே சேம்ப்லோ வான்தி. வ்வார் வினைக்கு வுய். பாசே சேம்ப்ல் வி. வெனீருக்கு வெனுய், பாசே சேம்ப்ல் வேன். ஏக்ரீர் (எழுது) வினைக்கு ஏக்ரி. பாசே சேம்ப்ல் ஏக்ரிவி. நேத்ர் (பிற) வினைக்கு நே. பாசே சேம்ப்ல் நகி. ஊகம் ஒரு கைத்தடி. வினை அட்டவணையைப் புரட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: கடைசி எஸ்ஸை நீக்குங்கள்

துய் பார்லா என்பதன் எழுத்திலிருந்து எஸ்ஸை எடுத்தால் ஏயில் முடியும் அடி. ஃபினியிலிருந்து எடுத்தால் ஐயில் முடியும் அடி. ஃபுய்யிலிருந்து எடுத்தால் எஃப்-யூ. வேனிலிருந்து எடுத்தால் வி-ஐ-என். அந்த உயிரைத் தொடக் கூடாது. இந்தப் படியில் உயிரையும் சேர்த்து வெட்டிவிடுவதுதான் தொடக்கத்தில் நேரும் பெரிய தவறு. வெட்டிய இடத்தில் எந்த உயிரைப் போடுவது என்று தெரியாமல், பார்லே போன்ற வினைக்கும் ஐயைப் போட்டுவிடுவார்கள்.

படி 3: ஆறு விகுதிகள்

ழெ (நான்): எஸ்-எஸ்-ஈ
துய் (நீ): எஸ்-எஸ்-ஈ-எஸ்
இல், எல், ஓன் (அவன், அவள், ஒருவர்): உயிரின் மேல் தொப்பி, பிறகு டி
நூ (நாம்): எஸ்-எஸ்-ஐ-ஓ-என்-எஸ்
வூ (நீங்கள்): எஸ்-எஸ்-ஐ-ஈ-இசட்
இல், எல் (அவர்கள்): எஸ்-எஸ்-ஈ-என்-டி

மூன்றாவது வரியில் வரும் விகுதியை இனி 'தொப்பி-டி' என்றே சொல்வோம்.

பார்லேவை வைத்துச் சொல்லிப் பாருங்கள் ('கெ' என்பது 'என்று' போன்ற இணைப்புச் சொல்; கெ, இல் இரண்டும் சேர்ந்தால் கில்): கெ ழெ பார்லாஸ், கெ துய் பார்லாஸ், கில் பார்லா, கெ நூ பார்லாசியோன், கெ வூ பார்லாசியே, கில் பார்லாஸ். எத்ர்: ஃபுய்ஸ், ஃபுய்ஸ், ஃபுய், ஃபுய்சியோன், ஃபுய்சியே, ஃபுய்ஸ். அவ்வார்: உய்ஸ், உய்ஸ், உய், உய்சியோன், உய்சியே, உய்ஸ். வெனீர்: வேன்ஸ், வேன்ஸ், வேன், வேன்சியோன், வேன்சியே, வேன்ஸ். வெனீரின் படர்க்கை ஒருமையில் தொப்பி ஐயின் மேல் உட்காரும். என் அதன் பின்னால் வரும், அதற்கும் பின்னால் டி.

ஐந்து வடிவங்களில் 'ஸ்' ஒலி கேட்கிறது, படர்க்கை ஒருமையில் மட்டும் கேட்பதில்லை. பழைய பிரெஞ்சில் அங்கேயும் எஸ் இருந்தது. லத்தீனில் 'பாடு' என்ற வினையின் கன்தாவிஸ்ஸெம் என்ற வடிவம் குறுகி இந்தக் காலம் பிறந்தது. இத்தாலியனில் கன்தாஸ்ஸி என்றும் ஸ்பானிஷில் கன்தாசே என்றும் இன்றும் வாழ்கிறது. பழைய பிரெஞ்சின் படர்க்கை ஒருமையில் டிக்கு முன்னால் எஸ் எழுதினார்கள். ஒலிப்பில் அது தேய்ந்து மறைந்தது; எழுத்தில் அது நின்ற இடத்தைத் தொப்பி காட்டுகிறது. ஆக ஆறு வடிவங்களிலும் எஸ் உண்டு: ஐந்தில் வெளியே தெரிகிறது, ஒன்றில் தொப்பிக்குள் இருக்கிறது. இதை மனதில் பதித்துக்கொண்டவர்கள் தொப்பியை மறப்பதில்லை.

எழுத்துக்கூட்டலில் கவனிக்க வேண்டியவை சில. மான்ழே (சாப்பிடு) போன்ற வினைகளில் 'ழ' ஒலியைக் காக்க ஜீக்கும் ஏக்கும் நடுவே ஒரு ஈ வரும், ஆறு வடிவங்களிலும். கொமான்சே (தொடங்கு) வினையில் சீயின் அடியில் செதீய் வால் போட வேண்டும். இல்லையென்றால் 'க' என்று ஒலிக்கும். ஆயீர் (வெறு) வினையில் ஐயின் மேல் ஏற்கெனவே இரட்டைப் புள்ளி இருப்பதால் தொப்பிக்கு இடமில்லை. அங்கே புள்ளிகளோடு டி மட்டும். க்ர்வாத்ர் (வளர்) வினை க்ர்வாரோடு குழம்பாமல் இருக்க ஆறு இடத்திலும் தொப்பி போட்டுக்கொள்ளும். படர்க்கை ஒருமையில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும், அங்கே பொருளைக் கொண்டுதான் பிரிக்க முடியும். க்லோர் (மூடு), த்ரேர் (பால் கற) போன்ற சில வினைகளுக்கு பாசே சேம்ப்லே கிடையாது. அதனால் இந்தக் காலமும் கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிகழ்கால சப்ஜங்க்டிவைத் தொடாதீர்கள்

நிகழ்கால சப்ஜங்க்டிவை நன்றாகப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த அடிச்சொல்லிலிருந்தே இதையும் கட்ட முயல்வார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஃபேர் வினைக்கு நிகழ்காலம் ஃபாஸ், இது ஃபிஸ். சவ்வாருக்கு சாஷ், இது சுய்ஸ். பூவ்வாருக்கு புயீஸ், இது புய்ஸ். அலேவுக்கு ஆய், இது அலாஸ். வெனீருக்கு வியென், இது வேன்ஸ். ஃபாஸும் ஃபிஸும் இரண்டுமே எஸ்-எஸ்-ஈ என்று முடிவதால் அவசரத்தில் படிப்பவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வார். நடுவில் ஏ இருக்கிறதா, ஐ இருக்கிறதா என்று பார்த்தால் தெளியும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஃபினீர் வகை வினைகளில் இருக்கிறது. அங்கே இரண்டு காலங்களும் ஐந்து வடிவங்களில் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஃபினிஸ், ஃபினிசியோன், ஃபினிசியே எல்லாம் எந்தக் காலம் என்பதை முதன்மை வாக்கியத்தின் வினைதான் சொல்லும். படர்க்கை ஒருமை மட்டும் பிரிகிறது: நிகழ்காலம் ஃபினிஸ், இறந்தகாலம் தொப்பி-டியோடு ஃபினி. தேர்வுத்தாளில் காலத்தைக் கேட்கும் கேள்வி வந்தால் இந்த ஒரு வடிவத்தையே தேடுங்கள்.

எந்த வாக்கியத்தில் வரும்

சப்ஜங்க்டிவ் வர வேண்டிய இடம் எது என்பது நிகழ்காலத்துக்கு நீங்கள் படித்த அதே விதிதான்: விருப்பம், அச்சம், ஐயம், கட்டாயம் சொல்லும் வினைகளுக்குப் பிறகு 'கெ'; பியேன் கெ (இருந்தும்), பூர் கெ (ஆகும்படி), அவான் கெ (முன்பு), சான் கெ (ஆகாமலே) போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பிறகு. புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முதன்மை வினை எந்தக் காலத்தில் நிற்கிறது?

முதன்மை வினை நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருந்தால் நிகழ்கால சப்ஜங்க்டிவ். ழெ வூ கில் வியென்: அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன். முதன்மை வினை எந்த இறந்தகாலத்திலோ, கண்டிஷனலிலோ ('விரும்பியிருப்பேன்' போல நிபந்தனையோடு சொல்லும் வடிவம்) இருந்தால், செம்மையான எழுத்து நடையில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். ழெ வூலே கில் வேன்: அவன் வர வேண்டும் என்று விரும்பினேன். ழோரே வூலுய் கில் ரெஸ்தா: அவன் தங்கியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்திருப்பேன். பியேன் கில் ஃபுய் மலாத், இல் சோர்தி: நோயுற்றிருந்தும் அவன் வெளியே போனான்.

சார்பு வாக்கியத்தின் செயல் முதன்மை வினையின் அதே நேரத்திலோ பிறகோ நடந்தால் இந்த எளிய வடிவம். அதற்கும் முன்பே நடந்து முடிந்திருந்தால் ப்ளூபர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். அதற்குத் தனியாக எதுவும் கற்க வேண்டாம்: அவ்வார் அல்லது எத்ர் துணைவினையை இப்போது படித்த வடிவத்தில் வைத்து, பின்னால் பார்ட்டிசிப்பிளைச் சேர்த்தால் போதும். ழெ ந க்ர்வாயே பா கில் உய் மான்தி: அவன் பொய் சொல்லியிருந்தான் என்று நான் நம்பவில்லை. இங்கே 'உய்' தொப்பி-டியோடு வரும் அவ்வார். வாசிப்பில் எதிர்ப்படும் தொப்பி-டிகளில் எத்ர், அவ்வார் இரண்டுக்கும்தான் பெரும்பங்கு என்பதால், வேறெந்த வினைக்கும் முன்பு இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பழைய உரைநடையில் இதே ப்ளூபர்ஃபெக்ட் வடிவம் 'கெ' இல்லாமலும் வரும். 'நடந்திருந்தால்', 'நடந்திருக்கும்' என்ற பொருளில் கண்டிஷனலுக்குப் பதிலாக நிற்கும். சில் உய் சுய், இல் ஃபுய் வெனுய்: அவனுக்குத் தெரிந்திருந்தால் வந்திருப்பான். ஓனுய் தி என்றால் 'பார்ப்பவர் அப்படியே சொல்லியிருப்பார்', அதாவது 'போலத் தோன்றியது'. நாவல் வருணனைகளில் இந்தத் தொடர் அடிக்கடி வரும். சப்ஜங்க்டிவுக்கு முன் 'கெ' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் வாக்கியம் பிடிபடாது.

தொப்பி இருக்கிறதா, இல்லையா

இந்தப் பாடத்தின் மையச் சிக்கல் இதுதான். படர்க்கை ஒருமையில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவும் பாசே சேம்ப்லும் காதுக்கு ஒன்றே. எத்ர் வினைக்கு இரண்டும் ஃபுய், அவ்வாருக்கு இரண்டும் உய், வெனீருக்கு இரண்டும் வேன். எழுத்தில் தொப்பி மட்டுமே வேறுபாடு. ஏ கூட்டத்தில் மட்டும் கொஞ்சம் வசதி: பாசே சேம்ப்லில் டியும் இல்லை, தொப்பியும் இல்லை, சப்ஜங்க்டிவில் இரண்டும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களே தவறு செய்யும் இடம் இது. எழுதும்போது ஐயம் வந்தால் இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை, எழுவாயைப் பன்மையாக்குவது. பன்மையில் இரண்டு காலங்களும் காதுக்கே வேறாகின்றன: பாசே சேம்ப்ல் என்றால் ஃபுய்ர், சப்ஜங்க்டிவ் என்றால் ஃபுய்ஸ். அவ்வாருக்கு உய்ர், உய்ஸ். ஃபுய்ஸ் பொருந்தினால் ஒருமையில் தொப்பி உண்டு. இது ஏற்கெனவே காது பழகியவர்களுக்கு உதவும்.

புதியவர்களுக்கு இரண்டாவது சோதனை மேல். அந்த இடத்தில் பேச்சுவழக்கு வடிவம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எத்ரின் நிகழ்கால சப்ஜங்க்டிவான ஸ்வா பொருந்தினால் தொப்பி. 'இருந்திருக்கும்' என்ற பொருளில் கண்டிஷனலான செரே, ஓரே பொருந்தினாலும் தொப்பி. சாதாரண இறந்தகாலமான ஏதே, அவே பொருந்தினால் தொப்பி இல்லை.

இந்தச் சோதனைகள் மிகவும் கைகொடுக்கும் இடம் அப்ரே கெ (பிறகு). அவான் கெ சப்ஜங்க்டிவ் கேட்கிறது என்பதால் அப்ரே கெவும் கேட்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முன்பு என்றால் செயல் இன்னும் நடக்கவில்லை. பிறகு என்றால் நடந்து முடிந்துவிட்டது, ஐயத்துக்கு இடமில்லை. எனவே செம்மையான இலக்கணப்படி அப்ரே கில் உய் ஃபினி என்பதில் உய்க்குத் தொப்பி கிடையாது. அது பாசே ஆன்தேரியோர் என்ற வேறு காலம். கான் (எப்போது) என்ற சொல்லுக்குப் பிறகும் இப்படியே.

தொப்பியைக் கண்டதெல்லாம் சப்ஜங்க்டிவ் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாசே சேம்ப்லின் நூ, வூ வடிவங்களுக்கும் தொப்பி உண்டு: நூ பார்லாம், வூ பார்லாத். அவை எம்-ஈ-எஸ், டி-ஈ-எஸ் என்று முடியும். சொல் டியோடு நின்றுவிட்டால்தான் நாம் தேடும் வடிவம். கொனே (அறிகிறான்), ப்லே (பிடிக்கிறது), நே (பிறக்கிறான்) போன்ற நிகழ்கால வடிவங்களும் மரபு எழுத்தில் தொப்பி-டியோடு வரும். ஆனால் அவற்றில் தொப்பியிட்ட ஐக்கு முன்னால் ஒரு ஏ நிற்கும். ஏ-ஐ சேர்ந்து வந்தால் அது நிகழ்காலம். நேத்ர் வினையின் சப்ஜங்க்டிவ் நகி என்று கியூ-யூ-ஐயோடு வரும், குழப்பமே வராது.

1990 டிசம்பரில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ எழுத்துகளின் மேலிருந்த தொப்பிகளைப் பெருமளவு எடுத்துவிட்டது. மேலே சொன்ன கொனே, ப்லே ஆகியவற்றைத் தொப்பியில்லாமல் எழுதுவது அதன்படி சரி. ஆனால் பாசே சேம்ப்லின் நூ, வூ விகுதிகளிலும் இம்பர்ஃபெக்ட், ப்ளூபர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவிலும் தொப்பி அப்படியே இருக்க வேண்டும் என்று அந்தச் சீர்திருத்தமே வரையறுத்தது. புதிய எழுத்துமுறை என்று சொல்லி இங்கே தொப்பியைக் கழற்ற முடியாது.

வாசிக்கும்போது வினையைக் கண்டுபிடித்தல்

உண்மையில் உங்களுக்கு அதிகம் தேவைப்படும் திறமை இதுதான்: பக்கத்தில் ஒரு வடிவத்தைப் பார்த்து அதன் மூலவினையைச் சொல்வது. தொப்பிக்குக் கீழே இருக்கும் உயிரைப் பாருங்கள். ஏ என்றால் கேள்வியே இல்லை. ஈ-ஆர் வினை, தொப்பி-டியை எடுத்து, ஏ இருந்த இடத்தில் ஈ-ஆர் போட்டு அகராதியில் தேடலாம். ஐ-என் என்றால் வெனீர் அல்லது தெனீர் குடும்பம். ஐ, யூ இரண்டில்தான் குட்டையான வடிவங்கள் தொல்லை தரும். எஃப்போடு ஐ வந்தால் ஃபேர், எஃப்போடு யூ வந்தால் எத்ர். சொல்லின் தொடக்கத்தில் D எழுத்தோடு ஐ வந்தால் தீர், அதே D எழுத்தோடு யூ வந்தால் தெவ்வார் (கடமைப்படு). வி எழுத்தோடு ஐ வந்தால் வ்வார். வீவ்ர் என்று எண்ணிவிடாதீர்கள், அதன் வடிவம் வேகுய். எம்மோடு ஐ என்றால் மெத்ர். எஸ்ஸோடு யூ என்றால் சவ்வார். பீயோடு யூ என்றால் பூவ்வார். பீ-எல்லோடு யூ என்றால் ப்லேர் (பிடித்திரு), அல்லது மழையைச் சொல்லும் ப்லெவ்வார். இந்தச் சிறு பட்டியலை ஒரு அட்டையில் எழுதிப் புத்தகக் குறியாக வைத்துக்கொண்டால், ஒரு நாவல் முடிவதற்குள் அட்டை தேவைப்படாமல் போகும்.

வாக்கியத்தின் முதலிலேயே வினையும் எழுவாயும் இடம் மாறி வந்தால் 'ஆனாலும் சரி' என்ற பொருள். ஃபுய்தில் ர்வா: அவன் அரசனாகவே இருந்தாலும். துய்தில் ஆன் மூரீர்: அதனால் சாக நேர்ந்தாலும். தன்மையில் துய்சே-ழ் என்று வரும். மரபு எழுத்தில் கடைசி ஈக்கு வலப்பக்கம் உயர்ந்த அழுத்தக்குறி, 1990 முறையில் இடப்பக்கம் உயர்ந்த குறி. ந ஃபுய்ஸ் கெ என்றால் 'குறைந்தது இதற்காகவாவது'. இன்றைய நாளிதழ்க் கட்டுரைகளிலும் இது வரும்.

எழுதலாமா, பேசலாமா

பேச்சில் வேண்டாம். அன்றாடப் பேச்சிலிருந்து இந்தக் காலம் போய்விட்டது. ழெ வூலே கில் வியென் என்று நிகழ்கால சப்ஜங்க்டிவ் போடுவதே இயல்பு. பள்ளித் தேர்வுகளிலும் இது ஏற்கப்பட்டதுதான். 1901 பிப்ரவரி 26ஆம் நாள் அரசாணை, கண்டிஷனலுக்குப் பிறகு நிகழ்கால வடிவத்தைத் தவறாகக் கொள்ள வேண்டாம் என்றது. 1976 டிசம்பர் 28ஆம் நாள் அரசாணை, இறந்தகால முதன்மை வினைக்குப் பிறகும் அதை அனுமதித்தது.

எழுத்தில் எங்கள் பரிந்துரை: படர்க்கையை மட்டும் பயன்படுத்துங்கள். எத்ர், அவ்வார், வெனீர், ஃபேர், பூவ்வார் போன்றவற்றின் படர்க்கை ஒருமை இன்றும் நல்ல நடையாகவே வாசிக்கப்படுகிறது. பார்லாசியோன், பார்லாசியே போன்ற நூ, வூ வடிவங்களோ பிரெஞ்சுக்காரர் காதுக்குச் சிரிப்பு மூட்டும். ஒரு கனமான கட்டுரையின் நடுவே ஒன்று வந்தாலும் வாசகரின் கவனம் சிதறும். அங்கே அவான் தெ போட்டு இன்ஃபினிடிவாக மாற்றலாம், பெயர்ச்சொல்லாகத் திருப்பலாம், அல்லது நிகழ்கால சப்ஜங்க்டிவோடு நிறுத்தலாம். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: ஒரே பத்தியில் ஒரு வாக்கியத்துக்குப் பழைய முறையும் அடுத்ததற்குப் புதிய முறையும் கலக்காதீர்கள்.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் பிரெஞ்சு எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் துய் வடிவம், பிறகு அடி, பிறகு விகுதி என்று மூன்றையும் எழுதிக் காட்டுங்கள்.

1. இல் ஃபலே கில் ... (ஃபினீர்)
2. எல் க்ரெஞே கெ நூ ... (பார்தீர்)
3. பியேன் கில் (பன்மை) ... ஃபேன் (அவ்வார்)
4. ழெ தூதே கில் ... நழே (சவ்வார்)
5. அப்ரே கில் (ஒருமை) ... தினே, இல் சோர்தி (அவ்வார்)
6. பூர் கெல் (ஒருமை) ... மியோ (அலே)

விடைகள். 1: ஃபினி, ஐயின் மேல் தொப்பி, டி. எஸ்-எஸ்-ஈ போட்டிருந்தால் நீங்கள் எழுதியது நிகழ்காலம். 2: பார்திசியோன், இரண்டு எஸ், இலக்கணம் சரி, நடையில் தவிர்க்க வேண்டியது. 3: உய்ஸ், ஈ-யூ-எஸ்-எஸ்-ஈ-என்-டி, தொப்பி இல்லை. பன்மையில் எஸ் வெளியே இருப்பதால் தொப்பிக்கு வேலை இல்லை. 4: சுய், எஸ், தொப்பியிட்ட யூ, டி. 5: உய், ஈ-யூ-டி, தொப்பி இல்லை, அப்ரே கெ சப்ஜங்க்டிவ் கேட்காது. 6: அலா, தொப்பியிட்ட ஏ, டி. இதில் டியை விட்டிருந்தால் படி 3க்குத் திரும்பிப் போய், ஏ கூட்டத்தில் இன்னும் ஐந்து வினைகளின் படர்க்கை ஒருமையை எழுதிவிட்டு வாருங்கள். பாசே சேம்ப்லில் டி இல்லாமல் பழகிய கை அந்த எழுத்தை விட்டுவிடப் பார்க்கும்.